பப்பாளியைத் தின்றது ஒன்று, மரவள்ளியைத் தோண்டியது வேறொன்று

கேள்வி: மேடவாக்கம் பக்கத்தில் ஒன்றரை கிரவுண்டில் வீடு. பின்பக்கம் நான்கு பப்பாளி, வாழை, ஒரு பாத்தி மரவள்ளி, ஆறு நாட்டுக்கோழி. இரண்டு மாதமாக ஏதோ வந்து போகிறது. பப்பாளி மரத்திலேயே பழத்தைக் குடைந்து தின்றுவிட்டுத் தோலை மட்டும் விட்டுவைக்கிறது. காம்பவுண்டு சுவரின் மேல் விதை விதையாக எச்சம் கிடக்கிறது. சுவரோரம் புது மண் குவிகிறது, மரவள்ளிக் கிழங்கில் பாதி கடிபட்டிருக்கிறது. போன வாரம் மதிய நேரத்தில் நீளமாக ஒன்று வாழைக்குள் ஓடியது, அன்றே ஒரு கோழிக்குஞ்சைக் காணவில்லை. ராத்திரியில் சமையலறைப் பக்கம் கிச்கிச் என்று சத்தமும் ஒரு கெட்ட வாடையும் வேறு. எல்லாம் பெருச்சாளியின் வேலை, எலி பேஸ்ட் வையுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வைக்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. பேஸ்ட் வேண்டாம். வாங்கி வைத்திருந்தால், முதல் வேலையாக அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் மனிதர் வயிற்றுக்குள் போனால் கல்லீரலை அழித்துவிடும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. அதுவும் இல்லாமல், உங்கள் கடிதத்தைப் படித்தால் தோட்டத்துக்கு வருவது ஒரு பிராணி இல்லை. நான்கு என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நான்கில் மூன்று அப்படியே இருந்துவிட்டுப் போகலாம்.

பப்பாளியைத் தின்பது மரநாய். சுவர் மேல் கிடக்கும் எச்சம்தான் முக்கியமான அடையாளம். மரநாய் பழத்தைத் தின்று விதையைச் செரிக்காமல் வெளியேற்றும், அதையும் சுவர், பாறை, மொட்டைமாடி விளிம்பு போன்ற உயரமான திறந்த இடத்தில்தான் போடும். குச்சியால் கிளறிப் பாருங்கள், பப்பாளி விதையோடு வேப்பங்கொட்டை, ஈச்சங்கொட்டைகூட இருக்கலாம். வௌவால் என்றால் மென்று துப்பிய சக்கை மரத்தடியில் கிடக்கும். அணிலும் குயிலும் பகலில்தான் தின்னும். டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிற உடம்பு, முகத்தில் முகமூடி போட்டது போன்ற கறுப்பு, கறுத்த கால், உடம்பளவுக்கு நீண்ட வால். அந்த வாலில் வளையம் இருக்காது. கறுப்பும் வெளுப்புமாக வளையம் இருந்தால் அது புனுகுப்பூனை. அது பெரும்பாலும் தரையில்தான் திரியும், பப்பாளி மேல் ஏறிக் குடைந்திருக்காது.

நன்மங்கலம் காப்புக்காடு உங்களுக்குப் பக்கத்தில்தான். ஆனால் மரநாய் காட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, பனை உச்சியிலும் ஓட்டு வீட்டுப் பரணிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பிராணி அது. பழத்தோடு எலியையும் பூச்சியையும் தின்னும். அதனால் அதை விரட்டப் பார்க்காமல் பழத்தைக் காப்பாற்றுங்கள். காயில் மஞ்சள் கோடு விழுந்ததுமே பறித்து வைக்கோலில் வையுங்கள், மூன்று நான்கு நாளில் பழுத்துவிடும். மரத்திலேயே பழுக்க வேண்டுமென்றால், தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் இரண்டடி அகலத் தகரத்தைத் தண்டைச் சுற்றிக் கட்டலாம், நகம் பிடிக்காமல் வழுக்கும். ஆனால் சுவரிலிருந்தோ பக்கத்து மரத்திலிருந்தோ தாவ முடிந்தால் தகரம் கட்டியும் பயனில்லை. அந்த மரத்துக்குப் பழத்தைச் சுற்றி சாக்குதான் வழி.

மதியம் ஓடியது கீரி. பகலில், நீளமாக, தரையோடு தரையாகப் புதருக்குள் போவது அதுதான். மூக்கிலிருந்து வால் நுனி வரை மூன்றடி வரை இருக்கும், வெள்ளையும் கறுப்பும் கலந்து தூவியது போன்ற சாம்பல் ரோமம். குஞ்சை அது எடுத்திருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் நாட்டுப் பூனையும் காக்கையும்கூடக் குஞ்சைத் தூக்கும், கண்ணால் பார்க்காமல் கீரி மேல் பழி போட வேண்டாம். கோழிக்கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்குச் சலித்த மணலோ அடுப்புச் சாம்பலோ பரப்பிவிட்டு, காலையிலும் மாலையிலும் தடத்தைப் பாருங்கள். மாலையில் பார்க்கும் பகல் தடத்தில் ஐந்து விரலும் நகக்கீறலும் தெரிந்தால் கீரி. நான்கு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை. முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து என்றால் எலி இனம். பெருச்சாளியும் ராத்திரியில் குஞ்சைக் கடிக்கும், பலர் அதை நம்புவதில்லை.

எது வந்தாலும் மருந்து ஒன்றுதான்: அரை அங்குல வெல்டு மெஷ் போட்ட கூண்டு, கீழே சிமெண்ட் தளம் அல்லது அதே மெஷ். குஞ்சுகள் கொஞ்சம் வளரும் வரை பகலிலும் உள்ளேயே இருக்கட்டும். மரநாய், புனுகுப்பூனை, கீரி மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கூண்டு வைத்துப் பிடித்து வேறு இடத்தில் விடுவதும் கூடாது. தொந்தரவு தாங்கவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சமையலறைப் பக்கம் கிச்கிச் என்பது மூஞ்சூறு. பார்ப்பதற்கு எலி மாதிரி இருந்தாலும் எலி இனமே இல்லை. கூர்மூக்கு, பொட்டு மாதிரி கண், சுவரை உரசியபடியே ஓட்டம். அந்த வாடை அதன் உடம்பிலுள்ள சுரப்பியிலிருந்து வருவது. கரப்பான், வண்டு, புழு இவைதான் அதன் தீனி, உங்கள் பயிருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. கதவடியில் இருக்கும் இடுக்கை அடைத்தால் வீட்டுக்குள் வராது. தாயின் பின்னால் குட்டிகள் ஒன்றன் வாலடியை இன்னொன்று கவ்விக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்க்கக் கிடைத்தால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மிச்சம் இருப்பது பெருச்சாளி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் இது மட்டும் உண்மை. சுவரோர மண்ணும் மரவள்ளிக் கடியும் அதன் வேலை. இதைச் சும்மா விடாதீர்கள், சுவரின் அஸ்திவாரத்தையே பறித்துவிடும். சாயங்காலம் எல்லா வளை வாயையும் ஈரமண்ணால் அடைத்துவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. அந்த வளைக்கு எதிரே பெரிய இரும்புக் கூண்டு வையுங்கள், சின்ன எலிக்கூண்டு போதாது. பெருச்சாளி புதுப்பொருளைக் கண்டால் பயப்படும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல், கருவாடோ சுட்ட தேங்காயோ வைத்துப் பழக்குங்கள். அப்புறம் பூட்டினால் விழும். செங்கல்பட்டு மாவட்டத்தில் வளை தோண்டி எலி பிடிப்பதில் கைதேர்ந்த இருளர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டால் குட்டியோடு எடுத்துவிடுவார்கள். சுவருக்கு அடியில் தோண்டும்போது மட்டும் கொத்தனார் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

புரோமாடியோலோன் என்ற எலி விஷக் கட்டி பற்றி யாராவது சொல்வார்கள். அதைத் தின்ற பெருச்சாளி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அப்போது அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் அந்த விஷம் போகும். பெருச்சாளியை உங்களுக்காகத் தினமும் வேட்டையாடுகிறவர்களையே கொன்றுவிட்டு, அடுத்த மழைக்கு வரும் புதுப் பெருச்சாளிகளை என்ன செய்வீர்கள்? கூண்டே போதும்.

பெருச்சாளி உங்கள் தோட்டத்தைத் தேடி வரக் காரணம் கோழித் தீவனமாகத்தான் இருக்கும். பொழுது சாய்ந்ததும் மிச்சத்தைக் கூட்டி எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். சுவரோரம் செங்கல், ஓலைக் குவியல் எதுவும் வேண்டாம். மரவள்ளி முற்றியிருந்தால் இப்போதே தோண்டிவிடுங்கள்.

மழைக்காலத்தில் அந்தப் பாத்தியில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், பெருச்சாளி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். கையுறையும் பூட்ஸும் போடுங்கள். கீரியோ மரநாயோ கடித்தால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பரணில் மரநாய்க் குட்டிச் சத்தம் கேட்டால் அவை வெளியேறும் வரை பொறுத்திருந்து, பிறகு ஓட்டு இடுக்கை அடைத்துவிடுங்கள். தாயை வெளியே விட்டு அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும்.