‘போல’ வந்தாலே உவமை ஆகிவிடாது

வணக்கம் சகோதரி. ‘தொண்டிக் கடற்கரையில் நின்ற விசைப்படகின் கொடி, இன்று கடலுக்குப் போகாதே என்று தடுப்பது போல அசைந்தது’ என்று உங்கள் மகள் எழுதிய வாக்கியத்தில் ‘போல’ இருந்தும், அதை உவமையணி என்று குறித்ததற்கு ஆசிரியர் ஏன் மதிப்பெண் தரவில்லை எனக் கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் செய்தது சரியே. அது தற்குறிப்பேற்ற அணி; அதாவது, இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தாமே ஒரு காரணத்தைக் கற்பித்து ஏற்றிச் சொல்வது.

உவமைக்கு இரண்டு பொருள்களும், அவற்றுக்குப் பொதுவான தன்மையொன்றும் வேண்டும். தொல்காப்பியம் அந்தப் பொதுமையை வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என நான்காகப் பகுக்கிறது. ‘நாரை போலக் காத்து நின்றார் வலைஞர்’ என்றால், காத்து நிற்றல் என்னும் வினை இரண்டுக்கும் பொது. கொடியைப் பற்றிய வாக்கியத்திலோ ஒப்பிடுவதற்கு இரண்டாவது பொருளே இல்லை. வாடைக்காற்றில் இயல்பாக அசையும் கொடிக்கு, எழுதுபவர் தம் மனத்திலுள்ள அச்சத்தைக் காரணமாக ஏற்றிச் சொல்கிறார். சிலப்பதிகாரத்தில் மதுரையின் மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் ‘வாரல்’ (வராதீர்கள்) என்று கைகாட்டி மறிக்கும் அடிகளே பாடநூல்கள் இதற்கு வழக்கமாகத் தரும் சான்று. அங்கும் ‘என்பன போல்’ என்றே வருவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ‘போல’ போன்ற உவம உருபை மட்டும் தேடும் பழக்கம் வழிகாட்டி நூல்கள் வளர்த்துவிட்ட சோம்பல் என்பது என் எண்ணம்.

உருவகத்தில் இவ்வளவு குழப்பமில்லை: ‘முத்துப்பல்’ (முத்துப் போன்ற பல்) ‘போல’ மறைந்து நிற்கும் உவமைத்தொகை, ‘பல்முத்து’ (பல்லாகிய முத்து) இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும் உருவகம். தேர்வில் ஐயம் எழுந்தால், அந்த நிகழ்வு இயல்பாகவே நடக்கக்கூடியதா, அதற்குச் சொல்லப்படும் காரணம் கவிஞர் கற்பித்ததா என்று உங்கள் மகள் கேட்டுப் பார்க்கட்டும். இரண்டுக்கும் விடை ‘ஆம்’ என்றால் தற்குறிப்பேற்றம் என்று தயங்காமல் எழுதலாம்.