அந்தக் கையொப்பத்தை அழித்துவிடாதீர்கள்

கேள்வி: யோகோஹாமாவில் பல ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பழைய ஜப்பானிய வாள்கள் சேர்க்கிறேன். அவற்றின் பொறிப்புகளைப் படிக்க நானே கற்றுக்கொண்டேன். சென்ற ஆண்டு டோக்கியோ கடை ஒன்றில், ‘சுடா எச்சிசென் நோ காமி சுகேஹிரோ’ என்ற பதினேழாம் நூற்றாண்டு வாள் கொல்லரின் கையொப்பமும் கன்புன் 9-ஆம் ஆண்டு (1669) தேதியும் உள்ள கட்டானா வாளை 19 லட்சம் யென்னுக்கு வாங்கினேன். எழுத்து அப்போதே உறுத்தியது, ஆனாலும் விட மனமில்லை. அந்தத் தேதிக்கு ‘சுடா’ வட்ட எழுத்தில் இருக்கக் கூடாது என்று நானே கண்டுபிடித்தேன். இரண்டு மாதம் முன்பு வாள் பாதுகாப்புச் சங்கத்தின் பரிசோதனையில் போலிக் கையொப்பம் என்று தேறாமல் போய்விட்டது. ரசீதில் ‘திருப்பி எடுக்கப்படாது’ என்றிருப்பதைக் காட்டி முதலாளி சிரிக்கிறார். வாள் ரசனைக் கூட்டத்தில் நண்பர்கள் முன் தலைகுனிந்தேன்; அந்நியன் என்பதால் ஏமாற்றினார்களோ என்றும் சந்தேகம். விற்கும் முன் அவர் மகன், ‘சங்கத்தில் தேறிவிடும், தேறாவிட்டால் வாருங்கள், எடுத்துக்கொள்கிறோம்’ என்று ‘லைன்’ செய்திச் செயலியில் அனுப்பியிருந்தார். அரசுப் பதிவுச் சீட்டிலும் சுகேஹிரோ என்றுதான் இருக்கிறது. வழக்குப் போடலாமா? கையொப்பத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் கையொப்பமில்லாத வாளாகச் சான்று வாங்கலாம் என்கிறார் ஒரு கைவினைஞர். செய்யலாமா? சென்னைக்கு எடுத்துப்போக முடியுமா?

பதில்: முதலாளி சிரித்தது, ரசனைக் கூட்டத்தில் நண்பர்கள் முன் தலைகுனிந்தது, அந்நியன் என்பதால் ஏமாற்றினார்கள் என்ற சந்தேகம், எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். நீதிமன்றத்தில் இவற்றுக்கு ஒரு யென்கூடக் கிடைக்காது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: மகன் அனுப்பிய அந்தச் செய்தி.

பதிவுச் சீட்டு உங்களுக்கு உதவாது. மாகாணக் கல்வி வாரியம் வாளின் நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, அடித்தண்டில் (பிடிக்குள் மறையும் பகுதியில்) வெட்டியிருக்கும் எழுத்து ஆகியவற்றைக் கண்டபடி எழுதிக்கொள்கிறது. எழுத்து உண்மையா என்று அது சொல்வதில்லை. ரசீதில் கடைக்காரர் எழுதியிருப்பதும் அவ்வளவுதான்: இன்ன கையொப்பம் உள்ள வாள். உள்ளதுதானே!

ஆனால் ‘தேறாவிட்டால் எடுத்துக்கொள்கிறோம்’ என்றது வாளின் தரம் பற்றிய வாக்குறுதி. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சிவில் சட்டத்தின்படி, பொருள் ஒப்பந்தத்துக்குப் பொருந்தவில்லை என்று கேட்க உங்களுக்குக் கிடைக்கும் பிடி அதுதான். மகனுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அப்பா சொல்லிப் பார்ப்பார். கடையில் நின்று விற்பவர் மகன்தான் என்றால் அது எளிதில் எடுபடாது. ‘திருப்பி எடுக்கப்படாது’ என்ற வரிக்கும் அதிகம் பயப்பட வேண்டாம். விற்பவர் வியாபாரி, வாங்குபவர் நுகர்வோர் என்றால், பொறுப்பை முழுக்கக் கழற்றிவிடும் நிபந்தனையை நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம் ஏற்பதில்லை. நீங்களே அடிக்கடி வாள் வாங்கி லாபத்துக்கு விற்பவராக இருந்தால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். பழம்பொருள் வியாபார உரிமம் எங்கே என்றும் கேட்பார்கள்.

இனி உங்கள் எதிரியைப் பற்றிப் பேசுவோம். அவர் கடைக்காரர் அல்ல, நீங்கள்தான். ‘எழுத்து அப்போதே உறுத்தியது’ என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். வேறு யாருக்கெல்லாம் எழுதினீர்கள்? சுகேஹிரோ ‘சுடா’ என்பதை வட்ட வடிவில் வெட்டத் தொடங்கியது எம்போ 2-ஆம் ஆண்டு, அதாவது 1674-இல். அதற்கு முன் சதுர வடிவம். உங்கள் வாளிலோ வட்ட எழுத்து, தேதி 1669. இதை நீங்களே கண்டுபிடித்ததாகப் பெருமையோடு சொல்கிறீர்கள். அருமையான கண்டுபிடிப்பு, வழக்குக்கு விஷம். பொருந்தாமை தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கத்தின் முடிவு வந்த நாள் என்று நீங்கள் சொல்வீர்கள். வாங்கிய நாளே இவருக்குத் தெரியும் என்று அவர்கள் சொல்வார்கள். தவறாகப் புரிந்துகொண்டு வாங்கினேன் என்று ரத்து கேட்டாலோ, இவ்வளவு படித்தவர் பார்க்காமல் விட்டது பெரும் அலட்சியம் என்பார்கள். சான்றுள்ள சுகேஹிரோ பல மடங்கு விலை போகும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ற கேள்விக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, இன்றோடு அந்த ஆராய்ச்சியை யாரிடமும் பேசாதீர்கள். கடையின் பெயரைச் சொல்லி இணையத்திலும் எழுதாதீர்கள். ஜப்பானில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வரும். பொதுநலனுக்காகச் சொன்னேன் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

அடுத்தது கைவினைஞரின் யோசனை. வாள் சேர்ப்பவர்கள் மொத்தமாகக் கவிழ்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். போலிக் கையொப்பத்தை எடுத்துவிட்டு, கையொப்பமில்லாத நல்ல வாளாகச் சான்று வாங்குவது இந்த உலகில் புதிதல்ல. உங்கள் கட்டானாவின் இரும்பு உண்மையிலேயே நன்றாக இருந்தால் அது பலிக்கவும் கூடும். ஆனால் தகராறு முடியும் முன் செய்தால் மூன்று கதவுகள் மூடும். முதலாவது, சாட்சியம் போய்விடும். போலி என்று காட்ட வேண்டிய எழுத்தையே நீங்கள் அரத்தால் ராவியிருப்பீர்கள், மிஞ்சுவது புகைப்படம் மட்டும். இரண்டாவது, சிவில் சட்டத்தின் 548-ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை தனக்கு இருப்பது தெரிந்தும் பொருளைத் தெரிந்தே பெரிதாகச் சேதப்படுத்தியவருக்கு அந்த உரிமை போய்விடும். கைவினைஞர் இதை ‘திருத்தம்’ என்கிறார், எதிர்த் தரப்பு வக்கீல் ‘சேதம்’ என்பார். மூன்றாவது, பதிவுச் சீட்டில் உள்ள எழுத்து வாளில் இருக்காது. பதிவில்லாத வாளை வைத்திருந்தால் மூன்றாண்டுச் சிறையோ ஐந்து லட்சம் யென் அபராதமோ வரலாம். சீட்டோடு பொருந்தாத வாளுக்குக் காவல் நிலையத்தில் என்ன விளக்கம் சொல்வீர்கள்?

கோபத்தில் வேறொருவர் தலையில் ‘சுகேஹிரோ’ என்றே கட்டிவிடலாம் என்ற எண்ணம் வந்தால், மோசடிக்குத் தண்டனை பத்தாண்டு வரை என்பது நினைவிருக்கட்டும்.

வழக்குப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். 14 லட்சம் யென்னுக்கு மேற்பட்ட கோரிக்கை மாவட்ட நீதிமன்றம் போகும். அங்கே இரு தரப்பு வல்லுநர்களும் ஒரே தண்டைப் பார்த்து எதிரெதிராகப் பேசுவார்கள். அந்தச் செலவிலும் காலத்திலும் உங்கள் பணம் கரையும். முதலில் ஒப்பந்த முறிவு அறிவிப்பை உள்ளடக்கச் சான்றுடன் கூடிய அஞ்சலில் அனுப்புங்கள்: மகனின் செய்தி, சங்கத்தின் முடிவு, வாளைத் திருப்பித் தரத் தயார், இவ்வளவு போதும், வட்ட எழுத்து வேண்டாம். கைபேசி மாற்றும் முன் லைன் உரையாடலைச் சேமியுங்கள், காப்பு எடுக்காமல் மாற்றினால் அந்த ஒரே சாட்சியமும் போய்விடும். பதில் வராவிட்டால் கடை இருக்கும் இடத்துக்கான எளிய நீதிமன்றத்தில் (சிறு வழக்குகளுக்கான கீழ் நீதிமன்றம்) சிவில் சமரசம் கோருங்கள். வழக்கைப் போலன்றி, சமரசத்துக்குத் தொகை வரம்பில்லை. வாளை எடுத்துக்கொண்டு 13 லட்சம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், 12 என்றாலும் யோசியுங்கள். முழுத்தொகை கேட்டு அடம் பிடிக்கும் நிலையில் நீங்கள் இல்லை.

சென்னைக்குக் கொண்டுபோகும் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். ஏற்றுமதிக்கு ஜப்பானியக் கலாசார முகமையின் சான்று வேண்டும், பதிவுச் சீட்டையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். வாள் கடல் தாண்டிய பின் அதைத் திருப்பித் தருகிறேன் என்று எந்த முகத்தோடு கேட்பீர்கள்? சமரசம் ஆனால் பணம் கணக்கில் ஏறிய பிறகு வாளையும் சீட்டையும் சேர்த்தே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அப்பா, மகன் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.