வாங்குமுன் கேளுங்கள்: தகடு தட்டுபவர்கள் வாரம்

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு தரை வீட்டில் வார இறுதிகளில், உலோகத் தகட்டைத் தட்டி வடிவம் கொடுக்கும் நண்பர்கள் கூடுகிறார்கள். பழைய காருக்கு மட்கார்டு, மோட்டார் சைக்கிளுக்கு டேங்க், சிலர் வெறும் கிண்ணம். போய்ப் பார்த்துவிட்டு வருபவர்கள் எம்ஆர்டி ரயிலிலேயே கைப்பேசியில் கருவி தேட ஆரம்பித்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. இந்த வாரக் கடிதங்கள் எல்லாம் அவர்களுடையவை.

அங்கே இங்கிலீஷ் வீலில் (இரண்டு சக்கரங்களுக்கு நடுவே தகட்டை உருட்டி வளைக்கும் கருவி) தகடு வளைவதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. இணையத்தில் 600 வெள்ளிக்கு ஒன்று இருக்கிறது. வாங்கலாமா? (ஈசூன்)

இப்போது வேண்டாம். முதலில் ஒரு தோல் மணல் பை, ஒரு மரச் சுத்தியல், முகம் பளபளவென்று தேய்த்த இரும்புச் சுத்தியல் ஒன்று, ஒரு டாலி (தட்டும்போது தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டி). சுத்தியல் முகத்தில் இருக்கும் கீறல் அப்படியே தகட்டில் விழும், அதனால் தேய்ப்பதில் சோம்பல் கூடாது. மலிவான வீலின் குறை படத்தில் தெரியாது. மேல் சக்கரத்துக்கும் கீழ் சக்கரத்துக்கும் நடுவே தகட்டை இறுக்கி உருட்டும்போது சட்டம் விரிந்துகொடுத்தால் போச்சு, அழுத்தம் நிற்காது. சட்டத்தின் எடை, கீழ்ச் சக்கரங்களின் வளைவு இரண்டையும் விற்பவர் எழுதித் தரவில்லையா, விட்டுவிடுங்கள். அந்த வீட்டுக்காரர் வீலிலேயே சில மாதம் உருட்டிப் பழகுங்கள்.

ரப்பர் பாய் விரித்து, ஞாயிற்றுக்கிழமை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தட்டலாமா? (பிடோக்)

கூடாது. வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட வீவக விடுவதில்லை.

பிளானிஷிங் ஹாமருக்காக (காற்றில் ஓடி, தகட்டைத் தட்டிச் சமனாக்கும் கருவி) "5 குதிரைத்திறன்" ஏர் கம்ப்ரசர் ஒன்றை இங்கே ஒரு கடையில் வாங்கினேன். சாதாரண 13 ஆம்பியர் பிளக். கொஞ்ச நேரத்திலேயே காற்று தீர்ந்து ஹாமர் தூங்கிவிடுகிறது. ஹாமரில் கோளாறா? (தெம்பனிஸ்)

ஹாமரை விடுங்கள், கோளாறு பெட்டியில் அச்சடித்ததில் இருக்கிறது. இது எனக்குப் பல வருஷத்து எரிச்சல், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 13 ஆம்பியரால் பெருக்கினால் 2,990 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட், ஆக 5 என்றால் 3,730 வாட். அந்தப் பிளக்கில் அவ்வளவு தொடர்ந்து வரவே வராது. மோட்டார் ஒரு பங்கை வெப்பமாகத் தின்றது போக மூன்று குதிரைத்திறன் கிடைத்தாலே பெரிது. கணக்குப் பாடத்தில் தேறிய எந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். ஆனாலும் பெட்டியில் 5 என்று கூசாமல் போடுகிறார்கள், கேட்டால் மோட்டார் கிளம்பும் நொடியில் வரும் உச்சம் என்கிறார்கள். நொடிக் கணக்கிலா நாம் தகடு தட்டுகிறோம்?

அடுத்த வித்தை தொட்டி. தொட்டி காற்றைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. பார்க்க வேண்டியது, 6 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளியே வருகிறது என்பதை. பம்ப் உள்ளே இழுக்கும் அளவைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, வெளியே தரும் அளவை எங்கேயும் போடாத பெட்டிகள் ஏராளம். ஹாமரின் கையேட்டில் எத்தனை லிட்டர் கேட்கிறது என்று பாருங்கள், அதைவிடக் கூடுதலாகத் தரும் கம்ப்ரசர்தான் உங்களுக்குச் சரி. பெட்டி எண்ணை நம்பி வாங்கியது எங்கள் ஸ்டோர் ரூமிலும் ஒன்று இருக்கிறது, அரிசி மூட்டை வைக்க வசதி.

பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கம், அதாவது கேஸ் (CASE). அதுவும் நடக்காவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், 5,000 வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

அலுமினியம் 6061-டி6 தகடு வாங்கினேன். கிண்ணமாகத் தட்டும்போது விரிசல் விட்டுவிட்டது. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (ஜூரோங்)

என்ன வேலைக்கு என்று அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. நீங்களாகப் பெயரைச் சொல்லிக் கேட்டு, அவர் அதையே தந்திருந்தால் அவர் மீது என்ன குற்றம்? டி6 என்றாலே சூடாக்கிப் பதப்படுத்தி வலுவேற்றியது, வளைக்க ஏற்றதல்ல. தட்டுவதற்கு 1100 அல்லது 3003 ரக அலுமினியம் வாங்குங்கள். தட்டத் தட்ட அதுவும் இறுகும். அப்போது தகட்டில் சோப்பைத் தேய்த்து, சோப்பு கறுக்கும்வரை நெருப்பு டார்ச்சால் சூடாக்கினால் மறுபடி இளகும். மீதித் தகட்டை நேரான பிராக்கெட் செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க 110 வோல்ட் மோட்டார் கருவி, பாதி விலை. டிரான்ஸ்பார்மர் போட்டால் போதுமா? (உட்லண்ட்ஸ்)

போதாது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை (ஹெர்ட்ஸ்) மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 50, அங்கேயுள்ள சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், சூடும் ஏறும். 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துப் பாருங்கள், பாதி விலை எங்கே நிற்கிறது என்று.

பழைய டாலிகள், சுத்தியல்கள் ஒரு பெட்டி. "நிறையப் பேர் கேட்கிறார்கள், முன்பணம் அனுப்புங்கள்" என்றார் விற்பவர். 280 வெள்ளி பேநவ் செய்தேன். ஆளைக் காணோம். என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. (பொங்கோல்)

அம்மா, முதலில் கணவரிடம் சொல்லிவிடுங்கள். திருடியது அவன், நீங்கள் எதற்கு ஒளிக்க வேண்டும்? இதைப் படித்தவுடன் வங்கியை அழையுங்கள், பிறகு போலிஸ் புகார். என்ன செய்வதென்று குழப்பமாக இருந்தால் 1799, ஸ்கேம்ஷீல்டு உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். உரையாடலை அழிக்காதீர்கள். அவன் உங்களைத் தடுத்துவிட்டாலும் உங்கள் பக்கம் இருப்பது சாட்சி. பணம் திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

கடையில் வாங்கிய ஷ்ரிங்கரின் (தகட்டு விளிம்பைச் சுருக்கும் கருவி) தாடை இரண்டாம் மாதமே உடைந்தது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகையைக் காட்டுகிறார்கள். (அங் மோ கியோ)

பலகை சட்டத்தைவிடப் பெரியதல்ல. 2012 செப்டம்பர் முதல் இங்கே லெமன் சட்டம் இருக்கிறது. வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியும் குறை, பொருளைத் தரும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடை. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள். அது நியாயமான நேரத்தில் நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம். தாங்கும் அளவைவிடத் தடித்த தகட்டைப் போட்டீர்கள் என்று வாதிடுவார்கள். எந்தத் தகடு, எத்தனை மில்லிமீட்டர் என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள். உடைந்த தாடையைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.