மூட்டை நிறைய போர்டு, அதில் எத்தனை பவுன்?

கேள்வி: செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பத்து வருஷமாகச் சேர்ந்த பழைய போர்டுகள் ஒரு மூட்டை கிடக்கிறது. ஆசிட்டில் போட்டுத் தங்கம் எடுக்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து, மொட்டை மாடியிலேயே செய்துவிடலாம் என்று மச்சான் நச்சரிக்கிறார். நிஜமாகவே தங்கம் இருக்கிறதா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: இருக்கிறது. பழைய சிம் கார்டு ஒன்றை எடுத்து அந்த மஞ்சள் தகட்டை பிளேடு முனையால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் சட்டென்று போய் வெள்ளையாக நிக்கல் தெரியும், அதற்கும் கீழே செம்பு. போனது தங்க முலாம். துருப்பிடிக்காது, மின்சாரம் தடங்கலில்லாமல் பாயும் என்பதால் இணைப்பு முனைகளில் பூசுகிறார்கள். தலைமுடி தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

இனி கணக்கு. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 2006-ல் சொன்னபடி பத்து லட்சம் செல்போனில் 34 கிலோ தங்கம், 350 கிலோ வெள்ளி, 15 கிலோ பல்லேடியம், 16 டன் செம்பு. அப்படிப் பார்த்தால் ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 235 போன் வேண்டும், அதுவும் பொட்டுகூட வீணாகாமல் எடுத்தால். மச்சான் கையில் எவ்வளவு தேறும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

வீடியோவில் சரியாகக் காட்டாத விஷயம் புகை. தங்கத்தையே கரைக்கும் ஆசிட் கலவையான ராஜ திராவகம் நகைப் பட்டறையில் பழகியவர்களுக்கே பயம் தரும் சரக்கு. உலோகம் அதில் கரையும்போது பழுப்பாகக் கிளம்புவதைச் சுவாசித்தால் அப்போதைக்குக் கொஞ்சம் இருமல்தான் வரும், சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவீர்கள், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அப்புறம் ஈயமும் செம்பும் கரைந்த மிச்ச ஆசிட்டை எங்கே ஊற்றுவீர்கள்? உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் போர்டுகளை எரித்துச் சாம்பலை ராம்கங்கா ஆற்றங்கரையில் அலசி அலசி அந்த மண்ணே கெட்டுப்போனது. மூட்டையை எரிக்காமல், உடைக்காமல், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் எடை போட்டு விற்றுவிடுங்கள். உப்பிய பேட்டரி இருந்தால் குத்தாமல் தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: பெரிய ஆலைகளுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது? (வாசகி, ஓசூர்)

பதில்: அளவுதான் காரணம். சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் கிடைத்தாலே நல்ல வரவு. மேலே சொன்ன கணக்கில் ஒரு டன் போனில் சுமார் 300 கிராம் இருக்கிறது. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பக்கம் ஹோபோக்கன் என்ற இடத்தில் யூமிகோர் ஆலை இதே வேலையைச் செய்து 17 உலோகங்களைப் பிரிக்கிறது. இப்படிப்பட்ட உருக்காலைகளில் செம்பைத்தான் தூண்டில் மாதிரி பயன்படுத்துவார்கள். எல்லாவற்றையும் உருக்கினால் தங்கமும் வெள்ளியும் பல்லேடியமும் செம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் செம்பை மின்சாரம் பாய்ச்சும் மின்பகுப்புத் தொட்டியில் சுத்தப்படுத்தும்போது, சுத்தச் செம்பு எதிர்த் தகட்டில் போய்ப் படியும், தொட்டியின் அடியில் கறுப்பாக ஒரு மண்டி தங்கும். பார்த்தால் சாக்கடைச் சேறு மாதிரிதான் இருக்கும், ஆனால் லாபமே அந்த மண்டியில்தான். புகையை வடிகட்டவும் ஆலையில் பெருஞ்செலவு ஆகும், அதை மொட்டை மாடியில் யார் செய்வார்கள்?

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களைப் பழைய போனில் செய்தார்களாமே? (வாசகர், சேலம்)

பதில்: ஆமாம். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை ஜப்பான் மக்களிடமிருந்து 62 லட்சம் செல்போன் உட்பட ஏறக்குறைய 79,000 டன் மின்சாதனங்களைச் சேகரித்தார்கள். 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம் தேறியது; பாராலிம்பிக்குக்கும் சேர்த்து சுமார் 5,000 பதக்கம். நீரஜ் சோப்ராவின் தங்கமும், உங்கள் மாவட்டத்து மாரியப்பன் உயரம் தாண்டி வாங்கிய வெள்ளியும் அதில் வந்தவைதான். இன்னொன்று, 556 கிராம் எடையுள்ள அந்தத் தங்கப் பதக்கத்தில் தங்கம் 6 கிராம் சொச்சம்தான், முக்கால் பவுன். மீதியெல்லாம் வெள்ளி.