வாசகர் கேள்விகள்: பழைய பாக்கிகள்

கேள்வி: அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவருடைய மொய் நோட்டு இப்போதுதான் கையில் கிடைத்தது. 1987-ல் என் காதுகுத்துக்குப் பதினொன்றும் இருபத்தொன்றும் போட்டவர்களில் நாற்பது பேருக்கு நாங்கள் இன்னும் திருப்பிச் செய்யவில்லை. இப்போது என்ன கணக்கில் செய்வது?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: நோட்டைப் பழைய பேப்பரோடு போடாமல் எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும். வட்டியெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டாம். 1987-ல் நான் ஒரு பத்திர எழுத்தரிடம் உதவிக்கு இருந்தேன். நாளுக்குப் பத்து ரூபாய் கொடுப்பார். அப்படியென்றால் 21 ரூபாய் எனக்கு இரண்டு நாள் உழைப்பு. இன்று உங்கள் இரண்டு நாள் சம்பளம் எவ்வளவோ, முடிந்தால் அதைச் செய்யுங்கள். முடியாவிட்டால் ஊரில் இப்போது எல்லோரும் போடுவதைப் போடுங்கள். போட்டவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகள் வீட்டு விசேஷத்தில் செய்யலாம். எழுதுகிறவரிடம் உங்கள் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் விசேஷமே வைக்க முடியாத வீடு ஒன்றிரண்டு அந்த நாற்பதில் இருக்கும். அவர்களை முதலில் தேடுங்கள். என் அத்தைக்குப் பிள்ளை இல்லை. செக்கானூரணிப் பக்கம் தனியாக இருந்தார். மாமா போன பிறகும் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கிடாவெட்டு என்று ஒன்று விடாமல் செய்முறை செய்தவர். வாங்கியவர்கள் திருப்பிச் செய்வதற்கு அத்தை வீட்டில் ஒரு விசேஷம் வந்தால்தானே? கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது அவர் கையில் காசில்லை. அத்தையின் நோட்டைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு என் அப்பா ஊர் ஊராகப் போனார். நானும் இரண்டு நாள் கூடப் போனேன். நீளவாக்கில் தைத்த நோட்டு. ஊதா மை ஊறிப்போய், ஓரமெல்லாம் மஞ்சள் கறை. அப்பா யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, 'ஆவணி மாசம், உங்க மூத்தவ சடங்கு, ரூபாய் அஞ்சு, ஒரு குத்துவிளக்கு' என்று அந்த வரியை மட்டும் வாசிப்பார். அநேகமாக எல்லோரும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பணம் இல்லை. அடைகோழியைப் பிடித்து, காலைக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தை அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தார்.

விசேஷம் வரட்டும் என்று காத்திருந்தால் இந்த மாதிரி ஆட்களுக்கு எதுவும் திரும்பிப் போகாது. ஒரு மாதத்துக்குள் நேரில் போய்க் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மதுரை தோப்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரி விஷயத்தில் இன்னும் எத்தனை காலம்தான் பொறுப்பது?
- ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவித்தார்கள். இடம் தோப்பூர்தான் என்று முடிவாக 2018 ஆனது. 2019 ஜனவரி 27-ல் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 2022-ல் சேர்ந்த முதல் ஐம்பது மாணவர்களுக்கு மதுரையில் கட்டடம் இல்லாததால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்பு நடந்தது. அறிவித்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பையே தாண்டிவிட்டது. தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலு பக்கத்திலிருந்தும் வருகிற நோயாளிகளைத் தாங்கி நிற்பது நம் மதுரை அரசு பெரியாஸ்பத்திரிதான். பொறுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியானாலும், தேதி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. ஆளை இறக்கினால் செலவு குறைவு என்கிறார் செயலாளர். சரியா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: இறக்கவே கூடாது. 2013-ம் வருடச் சட்டப்படி அது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. உள்ளே நிற்கிற விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிற அடுத்த ஆளும் போய்விடுவார். உறிஞ்சுகிற லாரியை வரவழையுங்கள். செயலாளர் கேட்கவில்லையென்றால் மூடியைத் திறக்கும்போதே போலீசுக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 1984-ல் கல்யாணம். அப்பா 1996-ல் உயில் எழுதாமல் இறந்தார். பூர்வீக நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. 1989-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று சொல்லி, தம்பி கையெழுத்துக் கேட்கிறான்.
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: தம்பி சொல்வது பழைய கதை. 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களைத் தமிழ்நாட்டுச் சட்டம் அப்போது விட்டுவிட்டது உண்மைதான். 2005-ல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தப் பாகுபாடு போய்விட்டது. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு, 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்தோ, கோர்ட் மூலமோ பாகம் பிரித்திருந்தால்தான் அதைத் தொட முடியாது. உங்கள் நிலம் பிரியவே இல்லை. தம்பிக்கு எவ்வளவோ அவ்வளவு உங்களுக்கும்.

பத்திரம் எழுதிய காலத்தில், பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒரு அம்மா, பெருவிரலில் மை தடவிய பிறகு, 'இதுல என்ன எழுதியிருக்குண்ணே?' என்று மெல்லக் கேட்டார். அண்ணன்காரர் வெளியே ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். நான் வாசித்தேன். நிலத்தின் நாலெல்லை வந்ததும், 'வேப்பமரத்துக் கிணறுமா?' என்றார். ஆமாம் என்றேன். முந்தானையில் ஒரு தடவை விரலைத் துடைத்தார். அப்புறம் திரும்ப மையைத் தொட்டு ரேகையை வைத்துவிட்டார். அதற்கு முன்னால் வாசித்துக் காட்டாமலே எழுதிக் கொடுத்த பத்திரங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வில்லங்கச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு, மதுரை கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். தம்பியிடம் பங்கை நிதானமாகவே கேளுங்கள். பேச்சுவார்த்தையில் முடிந்தால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கையோடு பதிவு செய்துவிடுங்கள்.