கேசட்டும் கைபேசியும்

கேள்வி: கேசட்டில் பாட்டுக் கேட்ட நாளில் இருந்த நிறைவு, கைபேசியில் கோடிக்கணக்கான பாடல்கள் கிடைக்கும் இன்று ஏன் இல்லை?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு கேசட், 1980களில் நம் ஊர்க் கடைத்தெருக்களில் பாடல் பதிவுக் கடைகளைப் பெருக்கியது. அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் முப்பது நிமிடமே பதிய முடியும் என்பதால், எந்தப் பாடலைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பட்டியல் எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய பின்னரே கடைக்காரரிடம் கொடுத்தோம். (அவற்றுள் பெரும்பாலானவை உரிமை பெறாத பதிவுகள் என்பதை நாம் யாரும் பேசியதில்லை.) நீங்கள் தேடும் நிறைவு பெரிதும் அந்தத் தேர்வில் இருந்தது என்றே நினைக்கிறேன். இன்று அடுத்த பாடலை, நாம் எதை முழுதாகக் கேட்டோம், எதைத் தாண்டினோம் என்பதைக் கணக்கிட்டுச் செயலியே முடிவு செய்கிறது.

அதற்காகக் கேசட்டைப் போற்றவும் எனக்கு மனமில்லை. நாடா சிக்கிக்கொள்ளும், இரைச்சல் கேட்கும், பழைய பாடலொன்று வேண்டுமென்றால் வானொலி மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். செயலியின் தானியங்கி வசதியை நிறுத்திவிட்டு, அறுபது நிமிடத்துக்கு மட்டும் உங்கள் கையால் ஒரு பட்டியல் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.