கல்யாண விருந்தில் ஒரு கிளாஸ் ஒயின்: வேதாகமம் தடுக்கிறதா?

குடிவெறியைத்தான் தடுக்கிறது (எபேசியர் 5:18), ஒரு கிளாஸை அல்ல. குழப்பமே, ஒயினுக்குத் தமிழ் வேதாகமம் சொல்லும் ‘திராட்சரசம்’ என்ற சொல்லால் வருவது. பலர் பழச்சாறு என்றே எண்ணிவிடுகிறார்கள். கானா ஊர்க் கல்யாணத்தில் (யோவான் 2:10), ஜனங்கள் ‘திருப்தியடைந்தபின்பு’ ருசி குறைந்ததைக் கொடுப்பார்கள் என்கிறான் பந்திவிசாரிப்புக்காரன். ‘திருப்தியடைந்தபின்பு’ என்பதன் மூலக் கிரேக்கச் சொல்லுக்குப் போதையேறுவது என்றே பொருள். சாறு குடித்து யாருக்குப் போதை ஏறும்?

தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்ன ‘கொஞ்சம்’ திராட்சரசம் (1 தீமோத்தேயு 5:23) வயிற்றுக்கோளாறுக்கான மருந்தளவு. அதைக் காட்டி பாட்டிலைத் திறக்க முடியாது.

சிங்கப்பூர் விருந்துகளுக்கு, சகோதரன் இடறுவதானால் குடிக்காதிருப்பதே நல்லது என்னும் ரோமர் 14:21தான் கைகொடுக்கும். கிளாஸை உயர்த்தி வாழ்த்தும் ‘யாம் செங்’ முழங்கும்போது, குடியிலிருந்து மீண்டவர் பக்கத்து நாற்காலியில் இருந்தால், உங்கள் கிளாஸில் பார்லி தண்ணீரே இருக்கட்டும். மெதடிஸ்ட் சபைகளில் திருவிருந்துக்கே பெரும்பாலும் புளிக்காத சாறுதான். ஆங்கிலிக்கன் வழக்கம் ஒயின்.